ஜவ்வாது மலைச் சரிவில் கன்று நட்ட கணக்கு: 612-இல் 58, பிறகு 560-இல் 417

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரின் மேற்குச் சரிவில், நிலத்துக்காரரும் அவர் மனைவியும் நானும் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து, முந்தைய ஆடி மாதம் நட்ட கன்றுகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணி முடித்தபோது காலை பதினொரு மணி ஆகியிருந்தது. நட்டவை 560, உயிரோடு நின்றவை 417. ஒரு முழுக் கோடையைத் தாண்டி வந்த கணக்கு இது. இதே சரிவில் 2022 நவம்பரில் நாங்கள் நட்ட 612 கன்றுகளில் அடுத்த ஜூனில் மிஞ்சியவை 58 மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எதையெல்லாம் மாற்றினோம், நான் எங்கெங்கே தவறினேன், எவ்வளவு செலவாயிற்று என்பதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். பழைய பல்லாவரத்தில் குடியிருந்துகொண்டு, கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் (கருவிகள் செய்யும் பட்டறையில்) இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அங்கே உதவியாளராக இருக்கும் மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்த இளைஞரின் அண்ணனுக்குச் சொந்தமான பட்டா நிலம்தான் இந்தச் சரிவு. இரண்டரை ஏக்கர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரம், மேல் எல்லையில் காப்புக்காடு. ஒரு காலத்தில் சாமை விதைத்த நிலம், விளைச்சல் குறைந்து பன்னிரண்டு ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்து, ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி (லாண்டானா என்னும் களைப்புதர்) மண்டிப்போயிருந்தது. எங்கள் பகுதிக்கு வெகுகாலமாகப் பாலாற்றுப் படுகையிலிருந்து குடிநீர் வருகிறது. அந்தப் பாலாற்றோடு திருமுக்கூடலில் சேரும் செய்யாறு பிறப்பது இந்த ஜவ்வாது மலையில். நான் குடித்து வளர்ந்த தண்ணீர் கிளம்பும் மலை மொட்டையாகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பட்டறை நண்பர்கள் நால்வரும் நானுமாகப் பணம் போட்டுத் தொடங்கினோம்.

முதல் முயற்சி முழுக்க முழுக்கப் பல்லாவரத்தில் நடந்தது. 2022 பிப்ரவரியில் என் வீட்டு மொட்டைமாடியில் பச்சை நிழல்வலை கட்டினேன். வலையும் பழைய இரும்புக் குழாய்களும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு எரு ஒரு பங்கு கலந்து, ஐந்துக்கு எட்டு அங்குல பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, நெல்லி, புங்கன், வேங்கை, நாவல், கொன்றை ஆகிய ஐந்து வகைகளைப் போட்டோம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதில் கன்றுகள் வெகுவேகமாக வளர்ந்தன. அக்டோபரில் புங்கன் மூன்றடியைத் தொட்டுவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பூரித்துப் போனேன். ஆனால் நெல்லி, நாவல் இலைகளின் விளிம்பு பழுப்பாகக் கருகுவதை ஜூனிலேயே பார்த்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அது. கையடக்க மானியை வைத்து அளந்ததில் உப்பு மிக அதிகமாகக் காட்டியது. அதன்பின் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றியும் கருகிய இலைகள் தேறவில்லை. பைக்குள் சேர்ந்த உப்பு சேர்ந்ததுதான்.

நடுவதற்கு நாள் குறித்ததில்தான் பெரும் பிழை செய்தேன். சென்னைக்காரனுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அந்த நினைப்பில், மண் நன்றாக ஊறியபின் நடலாம் என்று நவம்பர் 26, 27 தேதிகளைக் குறித்தேன். ஜவ்வாது மலைக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தரும். ஆனி, ஆடியிலேயே மலை நனையத் தொடங்கி, வடகிழக்கு மழையும் சேர்ந்துகொள்வதால், மலைக்காரர்கள் நடவேண்டியதையெல்லாம் ஆவணிக்குள் முடித்துவிடுகிறார்கள். நிலத்துக்காரரின் மனைவி அன்றைக்கே, "அண்ணா, மழை போற நேரத்துல கொண்டாந்திருக்கீங்களே, இது வேரு புடிக்கறதுக்குள்ள வெயில் வந்துடுமே" என்றார். வண்டியில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வந்து நின்றவனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தும் மனத்தில் ஏறவில்லை.

கன்றுகளைக் காஞ்சிபுரம், ஆரணி, போளூர் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஒரு டாட்டா ஏஸில் ஏற்றிச் சென்றோம். மேலே தார்ப்பாய் போட்டாலும் பக்கவாட்டுக் காற்றில் இலைகள் துவண்டுவிட்டன. நடும்போது பையைக் கிழித்துப் பார்த்தால், புங்கனின் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டபின் போக வழியின்றி நூற்கண்டுபோல் இரண்டு மூன்று சுற்று சுற்றியிருந்தது. அந்தச் சுருளை நறுக்கி நீக்கிவிட்டு நட்டிருக்க வேண்டும். வேரில் கத்தி வைக்க மனம் வராமல் அப்படியே குழியில் இறக்கினேன். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோது மலையிலும் மழை பெய்தது. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது கன்றுகள் பச்சையாக நின்றன. அந்தப் பச்சையை நம்பி நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். பிப்ரவரிக் கடைசியில் இலைகள் உதிரத் தொடங்கின. ஏப்ரலில் குச்சிகளைப் பிடித்து இழுத்தபோது, பை மண் அதே வடிவத்தில் கட்டியாகக் கையோடு வந்தது. ஐந்து மாதத்தில் ஒரு வேர்கூட அந்தக் கட்டியைத் தாண்டி மலைமண்ணுக்குள் போகவில்லை.

அதே ஆண்டில் செய்த இன்னொரு தவறு உண்ணிச்செடி வெட்டியது. குழி எடுக்க வழிவேண்டும் என்பதற்காக, கூலிக்கு ஆள்விட்டு அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டிக் குவித்தோம். அடுத்த ஜூன் மாதம் ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் ஏழு, எட்டு, சிலவற்றில் பதினொரு தளிர்கள் வரை கிளம்பியிருந்தன. குவித்துப் போட்ட கிளைகள்கூட ஈரமண் பட்ட இடத்தில் வேர்விட்டிருந்தன. வெட்டுவதற்கு முன்பு இருந்ததைவிடப் புதர் நெருக்கமாகிவிட்டது. இதைவிடவும் எனக்கு மனவருத்தம் தந்தது, உண்ணிக்குள் மறைந்து வளர்ந்துகொண்டிருந்த வெக்காலி, உசிலை, வேங்கைக் கன்றுகளையும் சேர்த்து வெட்டியிருந்ததுதான். செலவு செய்து மாடியில் வளர்த்த கன்றுகளை நடுவதற்காக, தானாக முளைத்து ஐந்தாறு கோடைகளைத் தாங்கி நின்ற கன்றுகளை அழித்திருக்கிறோம்.

2023 முழுவதும் ஒரு கன்றுகூட நடவில்லை. அந்த ஆண்டை உண்ணிச்செடிக்கும் அதை எடுக்கும் கருவிக்கும் ஒதுக்கினோம். உண்ணியை எடுக்கும் சரியான முறை, செடி தரையைத் தொடும் கழுத்துப் பகுதிக்கு ஓரிரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை அறுத்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை இது. மறுபடி தளிர்விடும் மொட்டுகள் எல்லாம் அந்தக் கழுத்தில்தான் இருக்கின்றன. அதைச் செடியோடு எடுத்துவிட்டால் கீழே மிஞ்சும் வேர் துளிர்ப்பதில்லை. தலைகீழாகக் கவிழ்ப்பதால் கிளைகள் மண்ணைத் தொட்டு வேர்விடவும் முடியாது. சொல்வதற்கு எளிது, கற்கள் நிறைந்த மலைச்சரிவில் சாதாரண மண்வெட்டி ஆணிவேர்வரை போகாது, கடப்பாரை போகும் ஆனால் அறுக்காது.

ஆகவே கருவி நானே செய்தேன். புதுப்பேட்டையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை எடைக்கு வாங்கினேன். 70 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் கனம். அதைப் பதினான்கு அங்குலத் துண்டாக அறுத்து, நுனியை உளிபோல் சாய்த்துத் தேய்த்து, ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்தேன். எடை 5.6 கிலோ. மூன்றாவது புதரிலேயே வெல்டிங் ஓரமாகக் கண்ணாடிபோல் படாரென்று முறிந்தது. ஸ்பிரிங் எஃகைச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் ஓரம் நொறுங்கும் என்பது என் தொழிலில் பாலபாடம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் அதைச் செய்தேன், அந்த முறிவை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதை எங்கள் பகுதியில் இன்னும் உலை மூட்டும் ஒரு கொல்லரிடம் கொண்டுபோனேன். அவர் வெல்டிங்கே வேண்டாம் என்று சொல்லி, பட்டையின் மேற்பாதியைக் காய்ச்சி அடித்துச் சுருட்டிப் பூணாக்கி, வெட்டும் நுனிக்கு மட்டும் பழைய இன்ஜின் ஆயிலில் தோய்ச்சல் கொடுத்து, மறுபடி இளஞ்சூட்டில் காட்டி நீலம் ஓடியதும் நிறுத்தினார். காம்பு மலையிலேயே கிடைத்த கம்பு. எடை 2.7 கிலோவுக்கு இறங்கியது. பெண்கள் நாள் முழுவதும் வீசக்கூடிய எடை அதுதான் என்பது மலையில் வேலை செய்தவர்கள் சொல்லித் தெரிந்தது. நான் முதலில் செய்த கருவி என் தோளுக்கு அளவெடுத்தது. நான்கு கருவிகள், ஒன்றுக்கு 1,150 ரூபாய். இரண்டு ஆண்டுகளாகியும் நான்கும் வேலையில் இருக்கின்றன. நுனியை மட்டும் ஒவ்வொரு பருவத்திலும் தேய்த்துக் கொடுக்கிறேன்.

வேலையை ஆகஸ்டு, செப்டம்பரில் வைத்துக்கொண்டோம், ஏனெனில் மழையில் ஊறிய மண்ணில் ஆணிவேர் ஓர் உதையில் அறுகிறது. மார்ச்சில் முயன்றபோது அதே வேருக்கு ஐந்தாறு குத்து தேவைப்பட்டது. தொடங்கும் முன் இந்த முறை ஒரு முன்வேலை செய்தோம். நிலத்துக்காரரின் மனைவியும் அவருடைய மாமியாரும் புதருக்குள் குனிந்து நுழைந்து, காட்டு மரக்கன்று என்று கண்ட ஒவ்வொன்றிலும் பழைய சிவப்புப் புடவைக் கிழிசலைக் கட்டிக்கொண்டே போனார்கள். எனக்கு அங்கே எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. மாமியார் ஒரு தளிரைக் கிள்ளி முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்வார். மூன்று நாளில் 137 கன்றுகளுக்கும் துளிர்த்த அடிக்கட்டைகளுக்கும் சிவப்புத் துணி ஏறியது. வெட்டுபவர்கள் துணியைச் சுற்றி ஒரு முழம் தள்ளியே கருவியை இறக்க வேண்டும் என்பது கட்டளை. ஆனைமலையில் வால்பாறைப் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மழைக்காட்டை மீட்டுவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் குழுவினரும், களையை எடுக்கும்போது ஊடே நிற்கும் காட்டுக் கன்றுகளைப் பார்த்துப் பார்த்து விட்டுவைக்கிறார்கள். அந்த 137-இல் இன்றைக்கு 121 நிற்கின்றன. மேலே சொன்ன 417-இல் இவை சேரவில்லை. இவற்றில் சில வெக்காலிகள் இரண்டே ஆண்டில் என் தலையைத் தாண்டிவிட்டன, நாங்கள் நட்டவற்றில் ஒன்றுகூட அந்த உயரத்தை எட்டவில்லை. முதலில் சரிவில் துணி கட்டும் வேலையைச் செய்துவிட்டு, பிறகு எத்தனை கன்று வாங்குவது என்று முடிவு செய்திருந்தால், நடும் எண்ணிக்கையைக் குறைத்திருப்பேன்.

உண்ணி எடுக்க மொத்தம் 74 ஆள் நாள் பிடித்தது. எடுத்த கழிகளை வீணாக்கவில்லை. காயவைத்துப் பட்டை உரித்தவற்றில் நாற்றங்காலுக்குப் பந்தலும் சுற்றுவேலியும் கட்டினோம். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் இதே கழியை வளைத்து முழு அளவு யானை உருவங்களைச் செய்கிறார்கள். வேகவைத்தால் அவ்வளவு வளையும். எங்கள் ஊரில் இப்போதைக்குக் கூடையும் தடுக்கும் மட்டும் முடைகிறார்கள்.

நாற்றங்கால் இந்த முறை மலையிலேயே, நிலத்துக்காரர் வீட்டுக்குப் பின்னால், ஊற்றுக்கிணற்றுக்கு முப்பது அடி தூரத்தில் அமைந்தது. பொறுப்பு மூன்று பெண்களுக்கு. முழங்கை உயரம் வந்த, தண்டு முற்றிய கன்று ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று நான் சொன்னேன். கோடையில் தண்ணீர் சுமப்பதை யார் கணக்கில் எடுப்பது என்று கேட்டார்கள். பதினைந்தாக முடிவாயிற்று. என்ன மரங்கள் என்பதையும் அவர்களே மாற்றி எழுதினார்கள். என் பட்டியலில் காட்டுக்கு வேண்டியவை இருந்தன. அவர்கள் கடுக்காய், தான்றி, இலுப்பை, பலா ஆகியவற்றைச் சேர்த்து, நெல்லியின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். நெல்லியும் கடுக்காயும் பொறுக்கி விற்றால் கைக்குக் காசு. இலுப்பைப் பூவுக்கும் கொன்றைப் பழத்துக்கும் கரடி வரும். இரண்டும் ஒரே சரிவில் இருக்கட்டும் என்றார்கள்.

விதை நேர்த்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்லிக்காயை வெயிலில் காயவைத்தால் கொட்டை தானே வெடித்துச் சிறு விதைகள் சிதறும். அவற்றை நீரில் போட்டு, மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு மூழ்குபவற்றை மட்டும் விதைத்தோம். கடுக்காய்க்குச் சதையை நீக்கிவிட்டுக் கொட்டையின் அகன்ற முனையை, உள்ளே பருப்பில் படாமல், பாக்குவெட்டியால் மெல்ல நறுக்கி ஒன்றரை நாள் ஊறவைத்தோம். இந்த நறுக்கலைச் செய்யாத ஐம்பது கொட்டைகளில் மூன்று மாதம் கழித்து நான்குதான் முளைத்தன. நாவல் கொட்டையை வைத்திருக்கவே கூடாது. பழம் தின்ற வாரத்திலேயே மண்ணில் போட வேண்டும். பல கொட்டைகளில் ஒன்றுக்கு இரண்டு மூன்று கன்றுகள் வரும், வலுவானதை விட்டு மற்றவற்றை நறுக்கினோம். இலுப்பையும் அப்படிப்பட்டதுதான், ஆனால் அதில் ஏமாந்தேன். இலுப்பை விதையை நானே சுமந்துகொண்டு பல்லாவரம் போய், பட்டறை வேலை நெருக்கத்தில் ஆறு வாரம் துணிப்பையில் தொங்கவிட்டு, பிறகு திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருநூறில் முப்பதுதான் தேறின, அவையும் நோஞ்சான்கள்.

கொன்றை தந்த பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கொன்றை விதையின் தோல் கல்போல் கடினமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் விதையைப் போட்டு ஓரிரவு விட்டதில், நூற்றுக்கு அறுபது முளைத்தன. ஒரு நாள் மாமியார் காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு தேக்கிலையில் எதையோ பொதிந்து கொண்டுவந்து என் முன்னால் பிரித்தார். காய்ந்த கரடிச் சாணம். கறுத்த சக்கையும் கொன்றைச் சதையின் நாருமாக இருந்த அதை ஓடைநீரில் அலசினால், செம்பழுப்பு நிறத்தில் பளபளக்கும் கொன்றை விதைகள் கையில் மிஞ்சின. சில விதைகளின் தோல் மங்கி, நகம் பட்டால் கீறல் விழும் அளவுக்கு மெலிந்திருந்தது. நாற்பது விதைகளை எந்த நேர்த்தியும் செய்யாமல் தனிப் பாத்தியில் போட்டோம். மூன்று வாரத்தில் முப்பத்தொன்று முளைத்துவிட்டன. இப்போது சரிவில் நிற்கும் 51 கொன்றைகளில் பாதிக்கு மேல் கரடி விதைத்தவை என்றே சொல்லலாம்.

நடுவதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பிருந்து பெண்கள் பந்தலின் கீற்றைப் படிப்படியாக விலக்கி, தண்ணீரையும் இரண்டு நாளைக்கொரு முறை எனக் குறைத்தார்கள். பைகளை வாரம் ஒருமுறை இடம் மாற்றிவைத்ததால் வேர் அடிமண்ணில் இறங்கவில்லை. என் மொட்டைமாடிக் கன்றுகளின் பாதி உயரம்தான் இவை; ஆனால் தண்டைக் கிள்ளினால் நகம் இறங்காது. 2024 ஆகஸ்டு 10 முதல் 14 வரை, சாமை விதைப்பு முடிந்து களையெடுப்பு தொடங்குவதற்குள் கிடைத்த இடைவெளியில், பன்னிரண்டு பேர் நட்டு முடித்தார்கள். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. ஒவ்வொரு குழிக்கும் கீழ்ச்சரிவுப் பக்கம் பிறைநிலா வடிவில் ஒரு சாண் உயர வரப்பு. மேலிருந்து வரும் தண்ணீர் அங்கே நின்று இறங்கும். சுற்றிலும் பழைய சாமைத் தாளை நான்கு விரல் கனத்துக்கு மூடி, அது காற்றில் பறக்காமல் தட்டைக் கல்லை வைத்தோம். 2025 மார்ச்சில் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடியில் மண் கையில் ஒட்டும் ஈரத்தோடு இருந்தது. இரண்டடி தள்ளிய திறந்த மண் மாவாக உதிர்ந்தது. கல் வைத்த கன்றுக்கும் வைக்காத கன்றுக்கும் இடையே கண்ணால் பார்த்துத் தெரியும் வித்தியாசம் இருந்ததால், அடுத்த நடவில் கல் இல்லாத குழியே இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அடையாளத்துக்காக அலுமினியத் தகட்டில் நம்பர் பஞ்ச் அடித்துக் கட்டியிருந்தேன். பளபளப்பைப் பார்த்துக் குரங்குகள் பிடுங்கியதில் நாற்பது கன்றுகள் தகட்டோடு போயின. இப்போது பில்லைகளை நெருப்பில் காட்டிக் கறுப்பாக்கித் தரையில் அடித்த முளையில் கட்டுகிறோம்.

ஆட்டைப் பற்றி ஊரில் இரண்டு முறை கூடிப் பேச வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுக்கு இந்தச் சரிவில் ஆடு விடுவதில்லை, ஆனால் புல்லை யார் வேண்டுமானாலும் அறுத்துக்கொண்டு போகலாம் என்று பேசி முடித்தார்கள். உண்ணி போன இடத்தில் புல் அவ்வளவு செழிப்பாக வந்தது. அறுத்துச் சுமந்தவர்கள்தான் தை மாதத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்ட முன்வந்தவர்களும். திருவண்ணாமலையில் கிரிவலம் போகும் நாட்களில் அண்ணாமலையின் மேல் வெட்டிவைத்திருக்கும் தீத்தடுப்புக் கோடுகளைப் பார்த்திருக்கிறேன். அவை எதற்கென்று அப்போது கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் கோடு பத்தடி அகலம், சருகைக் கூட்டி மண் தெரியும்வரை செதுக்கியது, 18 ஆள் நாள். 2025 மாசியில் கீழ்ப்பக்கத்துப் புல்வெளியிலிருந்து ஏறிவந்த நெருப்பு அந்தக் கோட்டில் வந்து நின்றது. வடமூலையில் ஓரிடத்தில் பாறை இருப்பதால் வெட்டாமல் விட்டிருந்தோம். பாறை இடுக்கில் கிடந்த சருகு வழியாகத் தாண்டிய தீ 26 கன்றுகளைக் கருக்கிவிட்டது. அவற்றில் 19 வேங்கை. வேங்கை அடியிலிருந்து துளிர்க்கும் என்று பெரியவர்கள் சொன்னது ஓரளவு பலித்து, ஐந்து துளிர்த்திருக்கின்றன.

வகைவாரியாக எண்ணிக்கை இது. நெல்லி 120-இல் 102. வேங்கை 90-இல் 61. கடுக்காய் 70-இல் 58. புங்கன் 60-இல் 55. கொன்றை 60-இல் 51. நாவல் 60-இல் 38. தான்றி 50-இல் 44. இலுப்பை 30-இல் 8. பலா 20-இல் ஒன்றுமில்லை. பலாவை முள்ளம்பன்றி அடித்தண்டில் கடித்தே முடித்தது. பெண்கள் விரும்பிக் கேட்ட மரம் அது ஒன்றுதான் முற்றிலும் போனது என்பதால் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இனிப் பலாவைச் சரிவில் வைக்காமல் வீட்டையொட்டி வைத்து, நிலம் தொடும் அளவுக்குத் தகரச் சுற்று கட்டுவதாக இருக்கிறோம். நாவலில் போனவற்றில் பெரும்பாலானவை மேல்வரிசையில், பாறை வெக்கையில் நட்டவை. ஓடையோரம் நட்டவை எல்லாம் நிற்கின்றன. இடம் பார்க்காமல் வரிசை பார்த்து நட்டதன் விளைவு அது.

பறவைகள் உட்காரட்டும் என்று எட்டடி உண்ணிக் கழிகளில் குறுக்குக் குச்சி கட்டி இருபது இடங்களில் நட்டுவைத்தோம். சின்னான்கள் முதல் வாரத்திலிருந்தே வந்து உட்கார்ந்தன. அடுத்த மழையில் கழிகளின் அடியில் எண்ணியபோது முளைத்திருந்தவை 64. அதில் 41 உண்ணி. வேம்பு, அத்தி, எங்கள் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு கொடி ஆகியவை மீதி. பறவை எதைத் தின்றதோ அதைத்தான் போடும். ஆகையால் கழி வைப்பதென்றால் அதன் அடியில் ஆண்டுக்கு இருமுறை உண்ணி நாற்றைப் பிடுங்கவும் ஆள் வைத்தாக வேண்டும். பிஞ்சில் இரண்டு விரலால் வருவது, மறுவருடம் கருவி கேட்கும்.

செலவுக் கணக்கு. முதல் முயற்சியில் மண்ணும் எருவும் 6,800, பை 1,700, நிழல்வலையும் குழாயும் 9,400, நல்ல தண்ணீர் 3,500, வண்டி வாடகை 9,500, குழி எடுக்கவும் நடவும் 10,400. ஆக மொத்தம் 41,300 ரூபாய். பிழைத்த கன்று 58 என்பதால் ஒன்றின் அடக்கம் 712 ரூபாய். இரண்டாவதில் உண்ணி எடுக்க ஆள் ஒன்றுக்கு 400 வீதம் 29,600, கருவிகள் 4,600, நாற்றங்காலுக்குப் பை, எரு முதலியன 6,200, கன்றுக்கூலி 8,400, குழியும் நடவும் 11,200, தீத்தடுப்புக் கோடு 7,200, நட்டபின் களையெடுப்பு 8,800. மொத்தம் 76,000 ரூபாய், பிழைத்த கன்று ஒன்றுக்கு ஏறத்தாழ 182 ரூபாய். எங்கள் பேருந்துச் செலவை இரண்டிலும் சேர்க்கவில்லை. முதல் கணக்கில் மலைக்குப் போய்ச் சேர்ந்த பணம் குழிக்கூலி மட்டும்தான். இரண்டாவதில் கருவிக்கும் பைக்கும் எருவுக்கும் போக மிஞ்சிய 65,200 ரூபாயும் ஊரிலேயே கூலியாகப் போயிற்று. அடுத்த முறை இரண்டரை ஏக்கரையும் ஒரே ஆண்டில் திறக்க மாட்டேன். அரை ஏக்கரை எடுத்து, நட்டு, மீண்டும் முளைக்கும் உண்ணியை இரண்டு பருவம் பிடுங்கி முடித்துவிட்டு அடுத்த அரை ஏக்கருக்குப் போகலாம். இப்போது கீழ்மூலையில் களைக்கு ஆள் போதாமல் கால் ஏக்கர் அளவுக்கு உண்ணி மறுபடி முழங்கால் உயரம் வந்துவிட்டது.

எண்ணி முடித்த அன்று மாலை பஸ் ஏறும் முன் மூன்று வேலைகள் பேசிக்கொண்டோம். நாற்றங்காலில் ஒருவருக்கு இடதுகைப் பழக்கம். நுனிச் சாய்வு எதிர்ப்பக்கம் இருக்கும்படி ஒரு கருவி அவருக்கு வேண்டும். கொல்லரிடம் சொல்லிவிட்டேன், பட்டை புதுப்பேட்டையிலிருந்து வந்து என் வீட்டு வாசலில் கிடக்கிறது. வடமூலைப் பாறை இடுக்குகளை மார்கழிக்குள் சருகு வாரிக் கல்லால் அடைக்க வேண்டும். இலுப்பைப் பழம் இப்போது உதிர்ந்துகொண்டிருப்பதால், பொறுக்கிய அன்றே போடுவதற்கு அறுபது பைகளில் மண் நிரப்பி நிழலில் வைத்திருக்கிறார்கள். விதையை என் கையில் கொடுப்பதில்லை என்று மாமியார் சொல்லிவிட்டார்.